கடற்கரை ஊருக்கு ஒரு கார்பன் கிட்டார்: கைமாறியதா, புதியதா?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடலோரமாகக் குடியிருந்து மரக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே ஒரு கவலை தொற்றிக்கொள்ளும். மரக் கிட்டாருக்கு ஏற்ற காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்று செய்பவர்கள் சொல்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை நின்று பெய்யும் வாரங்களில் நம் வீடுகளுக்குள் அது 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் இறங்காமல் கிடக்கும். மேற்பலகை ஈரத்தை உறிஞ்சி, கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு போல உப்புகிறது. பிரிட்ஜ் உயர்ந்தால் கம்பிகளும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டிலிருந்து விலகி உயர்கின்றன. புதிதாகக் கற்கும் பிள்ளைகள் தங்கள் விரலுக்குத்தான் வலுவில்லை என்று நினைத்துக்கொண்டு கற்பதையே விட்டுவிடுகிறார்கள். கிட்டார் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அதனால்தான் இந்தப் பக்கத்தில் கார்பன் ஃபைபர் கிட்டாரைப் பற்றிய பேச்சு கூடிக்கொண்டே வருகிறது. 2011 டிசம்பரில் தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலையும், அதன் பின்னால் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்த ஊர்கள் இவை. ஈரத்தைப் பொருட்படுத்தாத கிட்டார் ஒன்று உண்டென்றால் அது முதலில் வேண்டியது நமக்குத்தான். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் மாலை நேரத்தில் வாசிப்பவர்கள், மெல்லிசைக் குழுக்காரர்கள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான். கைமாறிய ஒன்றைத் தேடி வாங்குவதா, புதிதாக ஆர்டர் கொடுத்து வரவழைப்பதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணியடுக்கிச் செய்த உண்மையான கார்பன் கிட்டார் என்றால், நேரில் வாசித்துப் பார்க்கக் கிடைக்கும் பழையதைத்தான் நம் ஊர்க்காரர் தேட வேண்டும். அச்சில் வார்த்துச் செய்த கிட்டார் என்றால் பழையதைத் தேடி அலைய வேண்டாம், புதிதாகவே வாங்கிவிடலாம். ஆகவே பழையதா புதியதா என்று கேட்கும் முன்பே, எந்த வகைக் கார்பன் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கடைக்காரர்களே பல நேரம் விளக்குவதில்லை. ஒரு வகையில், கார்பன் நூலால் நெய்த துணியை எபாக்ஸி பிசினில் தோய்த்து, அச்சுக்குள் அடுக்கடுக்காகப் படியவைத்து, காற்றை உறிஞ்சி அழுத்தி இறுகவைக்கிறார்கள். நீண்ட நூல்கள் அறுபடாமல் ஓடுவதால் மிக மெல்லிய தகடே பெரும் விறைப்பைத் தருகிறது. அந்த மெல்லிய விறைப்பில்தான் ஒலி இருக்கிறது. இன்னொரு வகையில், துண்டு துண்டாக நறுக்கிய கார்பன் இழைகளைப் பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் கலந்து, உருக்கி, அச்சில் செலுத்தி வார்க்கிறார்கள். எனியா நிறுவனத்தின் நோவா கோ இந்த இரண்டாம் வகை. முதல் வகையில் வருபவை அமெரிக்காவின் ரெயின்சாங், விஸ்கான்சின் மாநிலத்து மெக்ஃபெர்சன், அயர்லாந்தின் டோனிகால் பகுதியில் அலிஸ்டர் ஹே நடத்தும் எமரால்டு, சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிளாக்பேர்டு ஆகியவை. கம்போசிட் அகூஸ்டிக்ஸ் என்ற பெயரும் இந்த வரிசையில் சேரும். லூசியானா மாநிலத்து லஃபயெட்டில் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2010-இல் பீவி வாங்கிக்கொண்டது.

கார்பனைக் கிட்டாருக்குள் கொண்டுவரும் எண்ணம் புதிதல்ல. ஹெலிகாப்டர் பொறியாளரான சார்லஸ் கேமனின் ஓவேஷன் நிறுவனம் 1970களிலேயே அடமாஸ் வரிசையில் மெல்லிய பிர்ச் மரத்தாளின் மேல் கார்பன் படலம் ஒட்டி மேற்பலகை செய்தது. ஹவாயின் மாவி தீவில் வாழ்ந்த இயற்பியலாளர் ஜான் டெக்கர் முழுக் கார்பன் கிட்டாரான ரெயின்சாங்கை 1990களில் சந்தைக்குக் கொண்டுவந்தார். இதுவும் ஈரக் கடற்காற்றுத் தீவில் பிறந்த எண்ணம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டில் வாழ்கிறவர்களுக்குக் கார்பன் ஒரு விருப்பம். கடலோர வெப்பமண்டலத்தில் அது ஒரு தேவைக்கு அருகில் வந்துவிடுகிறது.

வார்ப்பு வகையை விரைவாகவே முடித்துவிடலாம். விலை குறைவு, இந்தியாவிலேயே இணையக் கடைகளில் கிடைக்கிறது, பில்லோடு வருகிறது, குறை இருந்தால் திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. பழையதாக வாங்கினால் மிச்சமாகும் தொகை ஒரு செட் நல்ல கம்பிக்கும் ஒலியை மின்குறிப்பாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் ஒரு பிக்கப்புக்கும்தான் ஆகும். அதற்காக யாரோ வெயிலில் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைக்கு, பயணத்துக்கு, கடலூர் சில்வர் பீச்சில் நண்பர்களோடு உட்கார்ந்து வாசிக்க இவை நல்ல கிட்டார்கள். குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துணியடுக்கிச் செய்த கிட்டாரின் ஒலியை இவற்றில் எதிர்பார்த்து வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. கையில் எடுத்து வாசித்தால் வேறுபாடு உடனே காதில் விழும்.

இனி துணியடுக்கு வகைக்கு வருகிறேன். சிந்திக்க வேண்டியதெல்லாம் இங்கேதான்.

புதிதாக வரவழைப்பதில் முதல் தடை விலை. முழு அளவு கிட்டார்களில் பெரும்பாலானவை இரண்டாயிரம் டாலரைத் தாண்டுகின்றன. அது அமெரிக்காவில் எழுதியிருக்கும் விலை. நம் வாசலுக்கு வரும்போது ஆகும் விலை வேறு. சுங்க வரி கிட்டாரின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குப் போடப்படுகிறது. அந்தச் சுங்கத்தின் மேல் சமூக நல மேல்வரி, பிறகு எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. கணக்கு புரிவதற்காக எளிய எண்களை வைத்துப் பார்ப்போம். கிட்டார் ஒரு லட்சம், அனுப்பும் செலவும் காப்பீடும் 15,000 ரூபாய் என்று கொள்வோம். சுங்கம் 10 சதவீதம் என்றால் 1,15,000-க்கு 11,500. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு மேல்வரி 1,150. இதுவரை 1,27,650. இதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 22,977. ஆக மொத்தம் 1,50,627 ரூபாய். ஒரு லட்சம் ஒன்றரை லட்சமாகிவிட்டது. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். தனிப்பட்ட பயனுக்கு வரும் பார்சலுக்கு ஒரு விகிதமும் வணிக இறக்குமதிக்கு இன்னொன்றும் இருக்கும். ஆர்டர் கொடுக்கும் நாளில் அன்றைய விகிதத்தை இதே வரிசையில் போட்டுப் பார்த்தால் உண்மை விலை கிடைத்துவிடும். இரண்டாயிரம் டாலர் கிட்டார் இந்தக் கணக்கில் இரண்டரை லட்சத்தைத் தொட்டுவிடும்.

இரண்டாவது, வாசித்துப் பார்க்காமல் வாங்குவது. 1842-இல் தொடங்கி இன்று சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் மரக் கிட்டார்களை வரிசையாக எடுத்து வாசிக்கலாம். துணியடுக்கிச் செய்த கார்பனுக்கு அப்படி ஓர் இடம் நம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. பதிவு செய்த ஒலியை ஹெட்ஃபோனில் கேட்டு இரண்டரை லட்ச ரூபாய்க்கு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கார்பனின் ஒலி தெளிவானது, நீண்டு ஒலிப்பது, மேல்சுரங்கள் பளிச்சென்று தெரிவது. சிலருக்கு அது முதல் நொடியிலேயே பிடித்துவிடுகிறது. ஸ்ப்ரூஸ், மகாகனி மரங்களின் கதகதப்பில் ஊறியவர்களுக்கு அது கொஞ்சம் கண்ணாடித்தன்மையாகத் தோன்றுகிறது. எந்த விமர்சனமும் இதை உங்களுக்காகத் தீர்த்துவைக்காது.

மூன்றாவதாக உத்தரவாதத்தைச் சொல்வார்கள். புதிய கிட்டாருக்கு ஆயுள் முழுவதும் உத்தரவாதம் என்று எழுதியிருப்பது உண்மைதான். முதலில் வாங்கியவருக்கு மட்டுமே அது செல்லும் என்பதும் பெரும்பாலும் அதே தாளில் இருக்கும். பழையதை வாங்குகிறவர் இதை இழக்கிறார் என்பதால் புதியதன் பக்கம் சாய்கிறவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு கிட்டாரைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டுமென்றால் போகும் செலவு நம்முடையது. திரும்பி வரும்போது சுங்கத்தில் அது பழுதுபார்த்து வந்த நம் சொந்தப் பொருள் என்று நிரூபிக்க, அனுப்பும்போதே ஏற்றுமதித் தாள்களை முறையாகப் போட்டிருக்க வேண்டும். இந்தப் பாடெல்லாம் படுவதற்குப் பதிலாக உள்ளூரிலேயே சரிசெய்துகொள்பவர்களே மிகுதி. ஆகவே உத்தரவாதத்துக்கு இங்கே மதிப்பு உண்டு, ஆனால் அமெரிக்கருக்கு உள்ள அளவில் இல்லை.

புதியதை வாங்கத்தான் வேண்டும் என்பவர்களுக்குப் புதுச்சேரியில் வேறெங்கும் இல்லாத ஒரு வழி இருக்கிறது. 1962-இல் இந்தியாவோடு இணைப்பு சட்டபூர்வமானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு குடும்பம் இருக்கும். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தே வாங்கலாம். பிரான்சில் எழுதியிருக்கும் விலைக்குள் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் 100 யூரோவுக்கு மேல் ஒரே கடையில் வாங்கினால், கடைக்காரரிடம் வரி திரும்பப் பெறும் தெதாக்ஸ் படிவம் கேட்டு வாங்கி, விமான நிலையத்தில் புறப்படும் முன் பாப்லோ இயந்திரத்தில் பதிந்துவிட்டால் வரியின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பாரிஸில் வசிக்கும் மாமாவோ அத்தையோ வாங்கினால் இது கிடைக்காது. வாங்கும் பாஸ்போர்ட் இங்கே வசிப்பவருடையதாக இருக்க வேண்டும். சென்னையில் இறங்கியதும் வரியில்லா வரம்புக்கு மேல் இருக்கும் தொகையைச் சிவப்பு வழியில் நின்று சொல்லி, உரிய வரியைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு விற்க நேர்ந்தால் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்போது கைமாறியவை. மரக் கிட்டாரைப் பழையதாக வாங்கும்போது அதன் கடந்தகாலத்தைத்தான் நாம் அஞ்சுகிறோம். எத்தனை மழைக்காலம் பார்த்தது, கழுத்து எந்தப் பக்கம் முறுக்கியது, உள்ளே பிணைப்புச் சட்டம் எங்கே விட்டிருக்கிறது என்று ஆயிரம் ஐயம். நல்ல பழைய மரம் வாசிக்க வாசிக்க ஒலி திறக்கிறது என்பதால் அதற்குக் கூடுதல் விலையும் கொடுக்கிறோம். கார்பனில் இந்த இரண்டுமே இல்லை. காற்றின் ஈரத்தால் உப்புவதோ சுருங்குவதோ பொருட்படுத்தும் அளவுக்கு நிகழ்வதில்லை. வாசிப்பதால் ஒலி மலர்வதும் இல்லை. பத்து ஆண்டு ஆன கார்பன் உடல், செய்த அன்று ஒலித்தது போலவே இன்றும் ஒலிக்கும். எனவே பழையதை வாங்குகிறவர் ஒலியில் எதையும் இழப்பதில்லை. பழைமைக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் தேவையில்லை. தேய்வதெல்லாம் உடலோடு சேர்த்துப் பொருத்தியவைதான்: ஃப்ரெட், பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடில், ட்யூனிங் கீ, பிக்கப், அதன் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப். அவற்றுக்கான செலவைக் கணக்கிட்டு விலையில் கழித்துக்கொண்டால் போதும்.

நம் பக்கத்தில் இவை எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆரோவில்லிலும் அதைச் சுற்றிய குயிலாப்பாளையம், இடையஞ்சாவடிப் பகுதிகளிலும் பல நாட்டவர் வந்து தங்குகிறார்கள். ஈரம் அறிந்து கார்பன் கிட்டாரோடு வருபவர்களும் அவர்களில் உண்டு. வெயில் ஏறத் தொடங்கும் பங்குனி, சித்திரையில் ஊர் திரும்புகிறவர்கள் பைக்கையும் மெத்தையையும் விற்கும்போது வாத்தியத்தையும் விற்றுவிடுகிறார்கள். அறிவிப்புப் பலகைகளையும், இசை கற்பிக்கும் இடங்களையும், ஜூன் 21 இசைத் திருநாளில் வாசிக்கும் குழுக்களையும் அறிந்து வைத்திருப்பவருக்குத் தகவல் தானாக வந்து சேரும். புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதைத் தேட வேண்டாம்; அங்கே கிடைப்பவை வேறு. பெங்களூரிலும் சென்னையிலும் விற்பனைக்கு வருபவற்றையும் பார்க்கலாம். சென்னைக்கு ஒரு பகலில் பஸ்ஸில் போய் வாசித்துவிட்டு வந்துவிடலாம்; பெங்களூருக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

வெளிநாட்டு இணையத்தில் மலிவாகத் தெரியும் பழைய கிட்டாரை அஞ்சலில் வரவழைக்கலாமே என்று கேட்பார்கள். இதில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். நம் அயல்வணிகக் கொள்கை, மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. பழையது என்று தாளில் எழுதிய பார்சல் சுங்கத்தில் கேள்விக்குள்ளாக இடம் உண்டு. புதியது என்று பொய்யாக எழுதி அனுப்பச் சொல்வது அதைவிடப் பெரிய தொல்லை. பழையதற்கும் வரி உண்டு என்பதால், மேலே பார்த்த ஒன்றரை மடங்குக் கணக்கு இங்கேயும் துரத்தும். வாசித்துப் பார்க்கவும் முடியாது. பழையதன் நன்மை முழுவதும் நேரில் பார்த்து வாங்குவதில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் பழையதில் மிஞ்சுவது ஆபத்து மட்டுமே.

நேரில் போனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மரக் கிட்டாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கார்பனின் குறைகள் தெரிவதில்லை. மரம் வெடித்தால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். கார்பன் அடுக்குகள் உள்ளே ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தால் மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். விமானப் பழுதுபார்ப்புக்காரர்கள் நாணயத்தால் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால், விற்பவரிடம் சொல்லிவிட்டு, பின்பலகை, பக்கவாட்டு, கழுத்து உடலோடு சேரும் இடம், பிரிட்ஜைச் சுற்றி என்று மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். இடத்துக்கு இடம் சுதி மாறும், அது இயல்பு. ஆனால் பக்கத்துப் பக்கத்து இடங்களில் திடீரென்று ‘டக்’ என்பது ‘டொப்’ என்று மந்தமானால், அங்கே அடுக்கு விட்டிருக்கிறது. கீழே விழுந்த கிட்டாரில் இது கழுத்தடியிலும் கம்பி இழுக்கும் கீழ் விளிம்பிலும்தான் அடிக்கடி இருக்கும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்துப் பாருங்கள். மேற்பூச்சில் மட்டும் ஓடும் மயிர்க்கோடு பொருட்டல்ல. துணியின் நெசவுக்கோடு உடைந்து வெண்மையாகத் தெரிந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்து, கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் நிற்கும் உயரமான ஆக்‌ஷன். கார்பன் கிட்டார்கள் பலவற்றின் கழுத்தில், வளைவைத் திருகிச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடு கிடையாது. கழுத்து வளையாது என்பதால் வேண்டாம் என்று செய்பவர்கள் விட்டுவிட்டார்கள். அது நம்பிக்கை தருவதுதான், ஆனால் கழுத்தில் செய்த நாளிலிருந்தே ஒரு பிழை இருந்தால் அதைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை என்றும் பொருள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நன்று. அதிகம் இருந்தால் சேடிலைப் பாருங்கள். இன்னும் தேய்க்கப் போதிய உயரம் சேடிலில் மிச்சம் இருந்தால் கவலையில்லை. சேடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு படிந்து, கம்பியும் உயரமாகவே இருந்தால், அந்தக் கிட்டார் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். கழுத்தும் உடலும் ஒரே வார்ப்பாக இருப்பவற்றில் கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றும் வேலை நடக்காது.

ஃப்ரெட் தேய்மானத்தை முதல் ஐந்து கட்டங்களில் பாருங்கள். நிக்கல் சில்வர் ஃப்ரெட் நம் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். துருவேறாத எஃகு ஃப்ரெட் போட்டிருந்தால் அது பெரிய ஆதாயம். ஃப்ரெட் மாற்ற வேண்டிய நிலை என்றால், கார்பனிலும் கூட்டுப்பொருள் விரற்பலகையிலும் கைவைக்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கார்பன் தூசி தோலையும் மூச்சையும் உறுத்தும், மின்சாரத்தைக் கடத்தி ப்ரீஆம்புக்குள் போனால் பழுதாக்கும். முகமூடி இல்லாமல், ஈரத்துணி இல்லாமல் வேலை செய்கிற பட்டறையில் கொடுக்காதீர்கள்.

கடலோரத்துக்கே உரிய ஒரு சோதனை இருக்கிறது. கார்பன் துருப்பிடிக்காது. ஆனால் உப்பு ஈரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு உலோகத்தை, சிறப்பாக அலுமினியத்தை, விரைந்து அரிக்கவைக்கும். இரண்டு உலோகத் தகடுகள் உப்புநீரில் மின்கலமாவது போன்ற வினை இது. தோள்வாரை மாட்டும் குமிழின் திருகு, ட்யூனிங் கீயைப் பிடித்திருக்கும் திருகுகள், பிக்கப் ஜாக்கின் வளையம் ஆகியவற்றைச் சுற்றி வெள்ளைப் பொடியோ பழுப்புக் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை வீட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கிட்டாரில் இது இருக்கும். திருகை மாற்றினால் தீருகிற அளவா, துளையே தளர்ந்துவிட்டதா என்பதைத் திருப்புளியால் சற்று அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்க்க மறக்க வேண்டாம். பேட்டரி கசிந்து பச்சை படர்ந்திருந்தால் ப்ரீஆம்பையே புதிதாகப் போட வேண்டிவரும் என்று கணக்கில் வையுங்கள்.

வெப்பத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கார்பன் நூல் நம் அக்னி நட்சத்திரத்துக்கு அசையாது. நூலைப் பிணைக்கும் எபாக்ஸி அப்படியல்ல. சில வகைகள் 60, 70 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடுகிறது. கார்பன் எதையும் தாங்கும் என்று நம்பி ஆண்டு முழுவதும் காரிலேயே வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது.

கார்பன் வாங்கியவர்கள் பலர் வியப்போடு கேட்கும் ஒன்று: சுதி மாறவே மாறாது என்றார்களே, வெயிலில் இறங்கிப்போகிறதே? கார்பன் நூல் வெப்பத்தில் நீள்வதேயில்லை என்று சொல்லலாம். எஃகுக் கம்பி நீள்கிறது. உடல் அசையாமல் நிற்க, கம்பி மட்டும் நீண்டால் சுதி இறங்கத்தான் செய்யும். நிழலுக்கு வந்து கம்பி ஆறினால் பழைய இடத்துக்கே திரும்பும். பழைய கிட்டாரைச் சோதிக்கும்போது இதைக் குறையாக எண்ணி விட்டுவிட வேண்டாம்.

எவ்வளவு கொடுக்கலாம்? விற்பவர்கள் இரண்டு விதமாக விலை சொல்கிறார்கள். தன் நாட்டில் வாங்கிச் சாமானோடு கொண்டுவந்தவர் டாலர் விலையிலிருந்து கழிப்பார். இங்கே வரவழைத்தவர் வரி சேர்த்த விலையிலிருந்து கழிப்பார். வாங்குகிற நாம் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல், அதே கிட்டார் இன்று புதிதாக நம் வாசலுக்கு வர ஆகும் தொகை. என் கருத்தில், எல்லாம் நன்றாக இருந்தால் அதில் அறுபது சதவீதம் வரை கொடுக்கலாம். ட்ரஸ் ராடு இல்லாமல் ஃப்ரெட்டும் தேய்ந்திருந்தால் பாதிக்கு மேல் வேண்டாம். வாங்கிய ரசீதோ வரி கட்டிய ரசீதோ எதுவும் இல்லாதவரிடம் பேரமே பேச வேண்டாம். 2010-க்கு முந்தைய லஃபயெட் கம்போசிட் அகூஸ்டிக்ஸ் கிட்டார் கிடைத்தால், உத்தரவாதம் போயிற்றே என்று தயங்குவதில் பொருளில்லை. அதை எழுதிக்கொடுத்த கை மாறியே ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கிட்டார் நன்றாக இருந்தால் வாங்கிவிடலாம்.

புதியதற்கே போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பழையதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இடக்கை வாசிப்பவர்களுக்குப் பழைய சந்தையில் கார்பன் கிட்டார் ஒன்று நம் பக்கம் வருவது அரிதிலும் அரிது. பன்னிரண்டு கம்பி வேண்டுகிறவர்களுக்கும் அப்படியே. சிறு கை உள்ளவர்கள், தோள்வலி உள்ளவர்கள் உடலின் தடிப்பையும் கழுத்தின் அகலத்தையும் தங்களுக்கென்று தேர்ந்தெடுக்க வேண்டும். கழுத்தின் தலைப்பில் கம்பிகளைத் தாங்கும் பட்டையான நட்டு 43 மில்லிமீட்டர் அகலம் இருப்பதற்கும் 44.5 மில்லிமீட்டர் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு எழுத்தில் சிறிது, விரல்களால் மீட்டி வாசிப்பவருக்கு நாள்தோறும் உறுத்துவது. எமரால்டு போன்றவர்கள் ஆர்டர் எடுத்த பிறகே செய்கிறார்கள். மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை இருந்தால் தன் கைக்கென்று ஒன்று வரும். மேடையே பிழைப்பாக உள்ளவர், ஒரு நிகழ்ச்சியையும் பிக்கப் பழுதால் இழக்க முடியாதவர், கணக்கில் செலவு காட்டப் பில் வேண்டியவர் ஆகியோருக்கும் புதியதே பொருந்தும்.

கார்பனே வேண்டாதவர்களும் உண்டு. ஏசி போட்ட அறையில் மட்டும் வாசித்து, அங்கேயே கேஸில் மூடி வைப்பவர், ஒரு சிறிய ஈரமானியும் கேஸுக்குள் சில சிலிக்கா ஜெல் பைகளும் வாங்கி வைத்து மாதம் ஒருமுறை உலர்த்திக்கொண்டால், நல்ல மரக் கிட்டாரே கடலூரிலும் நெடுநாள் நிலைக்கும். மரத்தின் ஒலி பிடித்தவர் மழைக்குப் பயந்து மட்டும் கார்பனுக்கு மாறினால், மனம் ஒட்டாமல் ஓராண்டில் விற்றுவிடுவார். பழைய சந்தைக்கு வரும் கார்பன் கிட்டார்களில் ஒரு பங்கு இப்படி வந்தவைதான். அவை பெரும்பாலும் அதிகம் வாசிக்கப்படாதவை. தேடுகிறவருக்கு அவையே நல்ல வாய்ப்பு.

வாங்கிய பிறகு முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை சில. கம்பிகளை மாற்றுங்கள், பூச்சுள்ள கம்பியாக இருந்தால் நம் காற்றில் சில மடங்கு நாள் தாங்கும். கழுத்து எந்த இழுவிசைக்குச் செய்யப்பட்டது என்று பார்த்து அதே தடிமனில் போடுங்கள். கூடவே வந்த பழைய கேஸின் உள்துணியை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை இருந்தால் கேஸை மாற்றிவிடுங்கள், கிட்டாருக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் ப்ரீஆம்பின் இணைப்புகளுக்கு ஆகும். வெளியே வாசித்துவிட்டு வந்த இரவு ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் கம்பியையும் திருகுகளையும் ஒற்றி எடுத்துவிட்டு மூடுங்கள்.